மூன்றாம் இடத்துக் கிளைசின்

தார்த்துவில் ஜனவரி
நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
எமயோகி ஆறு ஓரங்களில் உறைந்து
நடுவில் மட்டும் கறுப்பாய் ஓடிக்கொண்டிருந்த நாளில்
லேலோ எங்கள் ஆய்வகத்துக்கு வந்தாள்.
பேருந்து ஓட்டுகிறவள்.
சீருடையைக் கூட மாற்றவில்லை.
'என் மகனிடம் இல்லாததைக் காட்டுங்கள்' என்றாள்,
தொலைந்த பொருள் அலுவலகத்தில் கேட்பதுபோல.

மகன் ரூபென். பிறந்து பதினேழு நாள்.
பிறக்கும் முன்பே மூளையில் கசிந்திருந்தது.

நான் மருத்துவர் இல்லை.
எலிக்கருவின் மூளையை உறையவைத்துச் சீவுகிறவள்.
ஒரு சீவல் பத்து மைக்ரான்,
மூச்சு பட்டால் சுருண்டுகொள்ளும்.
விளக்கிச் சொல்ல ஹெல்யோ இருந்திருக்க வேண்டும்,
அவள் விடுப்பில் போயிருந்தாள்.

விளக்கை அணைத்தேன்.
நுண்ணோக்கியில் ஒரு பச்சைக் கோடு.
'இதுதான் லாமினின்.'
'இதற்குள் என்ன இருக்கிறது?'
'இரத்தம்.'
'வெளியே?'
'மூளை.'
'நடுவில் இவ்வளவுதானா?'
இவ்வளவுதான்.
ஒரு மயிரிழையை ஆயிரமாய்க் கிழித்தால்
அதில் ஒரு கீற்று.

திக்கித் திக்கிச் சொன்னேன்:
முதலில் நாளம் மூளைக்குள் குருட்டாம்போக்கில் நுழைகிறது.
அப்போது அதைத் தாங்குவது ஃபைப்ரோனெக்டின்,
கட்டட வேலைக்குக் கட்டிய சாரம்.
சாரத்தைப் பிரித்தாக வேண்டும்.
லாமினின் வந்து விரிய வேண்டும்,
கொலாஜன் வலை பின்ன வேண்டும்,
இரண்டையும் நிடோஜென் கோத்துப் பிடிக்க வேண்டும்.
பெரிசைட் என்று ஒரு செல், அந்த விரிப்புக்குள்ளேயே
நாளத்தைத் தழுவிக்கொண்டு கிடக்கும்.
நாளத்துச் செல்கள் ஒன்றோடொன்று
நெருக்கித் தைத்துக்கொள்வதும்
இந்த விரிப்பின் மேல் நின்றுதான்.

குருதிக்கும் மூளைக்கும் இடையே காவல் என்கிறோம்.
எல்லோரும் கதவையே பேசுகிறார்கள்.
நிலை இல்லாமல் கதவு எதில் தொங்கும்?

'ரூபெனுக்கு எது இல்லை?'

எல்லாம் இருக்கிறது. அதுதான் சொல்லச் சிரமம்.
கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு.
ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஒருமுறை கிளைசின்.
அமினோ அமிலங்களில் அதுதான் ஆகச் சிறியது,
முறுக்கின் உள்ளே வேறு எதற்கும் இடம் இல்லை.
கிளைசின், யாரோ, யாரோ,
கிளைசின், யாரோ, யாரோ,
ஆயிரத்தைத் தாண்டும் வரிசையில்
ஒரே ஓரிடத்தில்
கிளைசினுக்குப் பதில் அர்ஜினின் வந்து உட்கார்ந்துவிட்டது.
தளை தட்டியது.
கயிறு முறுக்கு விட்டது.
செய்த செல்லே அதை வெளியே அனுப்பத் தயங்கி
உள்ளுக்குள் குவித்து வைத்துத் திணறுகிறது.

அவள் நெடுநேரம் பேசவில்லை.
பிறகு கைப்பேசியை நீட்டினாள்.
கண் மருத்துவர் எடுத்த படம், அவளுடைய விழித்திரை.
நாளங்கள் நேராகப் போகவில்லை.
எமயோகி ஊருக்கு வெளியே சதுப்பில் வளையுமே,
அப்படி வளைந்து வளைந்து.
'எனக்கும் அதே எழுத்துப்பிழையாம்.
முப்பத்தோரு வருடம் பேருந்து கண்ணாடியில்
இந்தக் கண்ணை வைத்துத்தான் பின்னால் பார்த்திருக்கிறேன்.'
வயதைச் சொல்கிறாளா, வேலையையா?
கேட்கவில்லை நான்.

'இந்த எலி பிழைத்ததா?'

பொய் சொல்ல எனக்கு அரை நொடி இருந்தது.
'இது கருவிலேயே எடுத்தது.
இதன் கூடப்பிறந்தவற்றில் சில
ஓடுகின்றன, தின்கின்றன.
ஒன்று இடப்பக்கமாகவே சுற்றும்.'

'இடப்பக்கமாக' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.
சிரித்த மாதிரி இருந்தது.
வட்டப் பாதையில் அவள் ஓட்டும் பேருந்தும்
இடப்பக்கமாகத்தான் சுற்றுகிறதாம்.

ஏழு மணிக்குக் குழந்தைப் பிரிவில் பால் கொடுக்கும் நேரம்.
பச்சைக் கோட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனாள்.
படி இறங்கும் பூட்ஸ் சத்தம் நெடுநேரம் கேட்டது.

வாசலைப் பூட்டப் போனேன்.
அவள் கால் துடைத்த மிதியடியில் பனி உருகி,
தடித்த நல்ல மிதியடிதான்,
தூக்கிப் பார்த்தால்
அடியில் தரை நனைந்திருந்தது.